தீக்காயத் தழும்பில் ஆறாத புண்: ஆபரேஷனில் கவனிக்க வேண்டியவை

பழைய தீக்காயத் தழும்பில் பல வருடம் கழித்துப் புண் வந்து, மாதக்கணக்கில் ஆறவில்லையென்றால் மஞ்சள் பத்து போட்டுக் காலம் கடத்தாதீர்கள். ஓரம் தடித்து வெளிப்பக்கம் சுருண்டு, தொட்டால் ரத்தம் கசிந்தால் தோல் புற்றுநோயாக இருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலுமே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போய்ச் சதைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சதையைப் புண்ணின் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். நடுவில் இருப்பது பெரும்பாலும் அழுகல். அதை மட்டும் எடுத்தால் புற்று இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வந்துவிடும்.

தழும்புப் புற்றைச் சுற்றி வழக்கமாக 2 செ.மீ. வரை நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவார்கள். காலில் புண் என்றால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வெட்டிய துண்டில் 12 மணி திசையில் (கடிகாரத்தில் 12 இருக்கும் மேல் பக்கம்) ஒரு நூல் முடிச்சு போட்டு, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். சின்ன முடிச்சுதான். அது இல்லையென்றால் எந்த ஓரத்தில் நோய் மிச்சம் என்று சொல்ல முடியாது, மறுபடி எங்கே வெட்டுவது என்றும் தெரியாது.

குழியை மூடத் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டுவார்கள். வெட்டிய இடத்தைவிடச் சீவிய இடம்தான் அதிகம் எரியும், பயப்பட வேண்டாம். ஒட்டிய இடத்தின் கட்டை வழக்கமாக 5-ஆம் நாள் பிரிப்பார்கள். அதற்குள் அடியில் ரத்தம் தேங்கினாலோ தோல் நகர்ந்தாலோ ஒட்டாமல் கருத்துவிடும். காலில் ஒட்டியவர்கள் அஞ்செட்டி, பென்னாகரம் என்று பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டுப் போகவே கூடாது. வெட்டிய துண்டின் ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறதா என்ற ரிசல்ட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.