ஃபுகுவோகாவில் 550 யெனுக்கு ஒரு கிண்ணம் ராமென்

ஜப்பானில் ஃபுகுவோகா போகிறேன், ராமென் (சூப்பில் போட்டுத் தரும் நூடுல்ஸ்) எங்கே சாப்பிடலாம் என்று கேட்டு இதுவரை நாலைந்து பேர் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். என் பதில் ஒன்றுதான். நகஹாமா மீன் சந்தைப் பக்கம் போங்கள், கன்சோ நகஹாமாயா என்ற கடையில் சாப்பிடுங்கள். ஊர்க்காரர்கள் சுருக்கமாக கன்நகா என்பார்கள்.

2023இல் வேலை விஷயமாக ஏழு வாரம் அந்த ஊரில் இருந்தேன். தங்கியது தென்ஜினில். ஊரின் கடைவீதி, அலுவலகம், ரயில், பேருந்து எல்லாம் வந்து சேரும் நடுமையம் அதுதான். விமான நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் பதினோரு நிமிடம், டிக்கெட் 260 யென். இவ்வளவு பக்கத்தில் விமான நிலையம் உள்ள பெரிய நகரம் நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இறங்கிய அன்று இரவே பசியோடு, பெயர் சொல்ல வேண்டாம், ஒரு ராமென் கடையில் வரிசையில் நின்றேன். நாற்பது நிமிடம் நின்று, 1,400 யென் கொடுத்து, மேலே ஐந்தாறு அலங்காரத்தோடு வந்த கிண்ணத்தைப் பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை. சூப் கஞ்சி மாதிரி கெட்டி, நூடுல்ஸ் அதற்குள் ஊறிப்போய்விட்டது. இதற்கா இந்த ஊருக்கு இவ்வளவு பெயர் என்று வருத்தமாகவே அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு அகசாகா ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிடுங்கள் என்றார். காலை ஏழு மணிக்கு ராமெனா என்று கேட்டேன். அந்த நேரத்துக்குத்தான் அந்தக் கடையே என்றார்.

அகசாகா, தென்ஜினுக்கு அடுத்த ஸ்டேஷன். அங்கிருந்து கடல் பக்கமாக வடக்கே பத்து நிமிடம் நடக்க வேண்டும். கடைவீதியின் பளபளப்பு மெல்லக் குறைந்து, லாரிகளும் தெர்மாகோல் பெட்டிகளும் மீன் வாடையும் வந்துவிடும். அங்கேதான் நகரின் பெரிய மீன் சந்தை. விடியற்காலையில் ஏலம் விட்டு முடித்துவிடுவார்கள். ஏலக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுநர்கள் எல்லோருக்கும் அது முடிகிற நேரத்தில்தான் பசி எடுக்கும், ஆனால் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. கன்நகா அவர்களுக்காக வளர்ந்த கடை. 1952இல் தள்ளுவண்டிக் கடையாகத் தொடங்கியது. சந்தை நகஹாமாவுக்கு வந்தது 1955இல். இந்த ஊர் ராமெனை, ஊரின் பழைய பகுதியான ஹகாதாவின் பெயரால், ஹகாதா ராமென் என்று பொதுவாகச் சொன்னாலும், அந்தச் சந்தையைச் சுற்றி உருவான பாணிக்கு நகஹாமா ராமென் என்று தனிப் பெயரே உண்டு.

ஒரு எச்சரிக்கை. அந்த வட்டாரத்தில் கிட்டத்தட்ட இதே பெயரில் வேறு கடைகளும் இருக்கின்றன. பெயரின் கடைசியில் வரும் 'யா' என்ற ஒலியை ஜப்பானிய எழுத்தில் இரண்டு விதமாக எழுதலாம், ஒன்றுக்குக் கடை என்று பொருள், மற்றதற்கு வீடு. கேட்டால் ஒரே மாதிரிதான் இருக்கும், பலகையைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நீங்கள் தேட வேண்டியது கடை என்று பொருள் வரும் எழுத்து. போனில் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பலகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வாசலில் டோக்கன் இயந்திரம். அதில் குழம்புவதற்கு ஒன்றுமே இல்லை, ஏனென்றால் விற்பது ராமென் மட்டும்தான், அதுவும் ஒரே வகை. நான் போனபோது ராமென் 550 யென், கூடுதல் நூடுல்ஸ் 150, கூடுதல் இறைச்சி 100, அப்புறம் பீர், சாக்கே என்ற அரிசி மது மாதிரி இரண்டு மூன்று பானம். அன்றைய கணக்குக்கு ஒரு கிண்ணம் சுமார் 320 ரூபாய். ஜப்பானில் ராமென் விலை பற்றி ஒரு பேச்சு உண்டு, ஆயிரம் யென் சுவர் என்பார்கள். எவ்வளவு நல்ல ராமெனாக இருந்தாலும் ஆயிரத்தைத் தாண்டினால் ஜனங்கள் வாங்க யோசிப்பார்கள் என்று கடைக்காரர்கள் பயப்படும் எல்லை அது. கோதுமை, பன்றி இறைச்சி, கேஸ் எல்லாம் ஏறியதில் பல ஊர்களில் அந்தச் சுவர் இடிந்துகொண்டிருக்கிறது. இந்தக் கடை 2023இல் அதில் கிட்டத்தட்டப் பாதி விலையில் நின்றது.

நீங்கள் வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததுமே, இன்னும் உட்காரவே இல்லை, அதற்குள் உள்ளே இருப்பவர் ஒரு கிண்ணம் என்று குரல் கொடுத்துவிடுவார். நூடுல்ஸ் கொதிநீரில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் உங்களுக்கு எப்படி வேண்டும் என்பதை நுழையும்போதே சொல்லிவிட வேண்டும். 'காத்தா' என்றால் கொஞ்சம் விறைப்பாக, 'நாமா' என்றால் அதைவிட விறைப்பாக, 'யாவா' என்றால் மெத்தென்று. கொழுப்பு அதிகம் வேண்டும் என்றால் 'பெத்தா', வேண்டவே வேண்டாம் என்றால் 'நாஷி'. அன்று என் நண்பர் கதவைத் திறந்துகொண்டே 'காத்தா, இரண்டு' என்றார். பெரிய பெரிய மேசைகள், யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம். எங்கள் எதிரில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர், அவருக்குப் பக்கத்தில் டை கட்டிய ஒருவர், அந்தப் பக்கம் இரவெல்லாம் ஊர் சுற்றிவிட்டு வந்த மாதிரி மூன்று கல்லூரிப் பையன்கள். நாற்காலியை இழுத்துப் பையைக் காலடியில் வைத்து நிமிர்வதற்குள் கிண்ணம் வந்துவிட்டது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்தக் கிண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வந்திறங்கிய இரவு சாப்பிட்ட கஞ்சி மாதிரி இல்லை. வெளிறிய, கொஞ்சம் மங்கலான பன்றி எலும்பு சூப், அதன் மேல் சின்னச் சின்ன எண்ணெய் வட்டங்கள். நடுவில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். ஒரு பக்கம் மெல்லியதாகச் சீவிய, உப்பு தூக்கலான பன்றி இறைச்சித் துண்டுகள். அவ்வளவுதான். முட்டை இல்லை, கடற்பாசித் தாள் இல்லை. முதல் வாய் சூப்பில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, தண்ணீராக இருக்கிறதே என்று. இரண்டாவது வாயில் உப்பு. மூன்றாவதில்தான் எலும்பின் ருசி அடித்தொண்டையில் தெரிந்தது. அதற்குள் இறைச்சியின் உப்பு சூப்பில் இறங்க ஆரம்பித்திருந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. நூடுல்ஸ் சேமியாவை விடக் கொஞ்சம் தடிமன், நேராக இருக்கும், பல்லில் லேசாக நறுக்கென்று அறுபடும்.

மேசையில் இரண்டு கெட்டில் இருக்கும். ஒன்றில் தேநீர், இன்னொன்றில் ராமெனுக்கு ஊற்றிக்கொள்ளும் சோயா சாஸ் கலந்த உப்புச்சாறு. கூடவே எள், மிளகுத்தூள், சிவப்பு இஞ்சி ஊறுகாய். எள்ளையும் மிளகையும் முதலிலேயே போடலாம், இஞ்சியை மட்டும் பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு போடுங்கள், ஏனென்றால் அது விழுந்ததும் சூப்பின் நிறமும் ருசியும் மொத்தமாக மாறிவிடும். இரண்டாவது கெட்டில் எதற்கு என்று எனக்குப் புரிந்தது கயேதாமா வந்தபோதுதான்.

கயேதாமா என்பது கூடுதல் நூடுல்ஸ். இது இந்தக் கடையில்தான் பிறந்தது என்று ஊரில் சொல்வார்கள். இதற்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. சந்தைக்காரர்களுக்கு அவசரம், அதனால் சீக்கிரம் வேக நூடுல்ஸை மெல்லியதாக்கினார்கள். மாவு பிசையும்போது தண்ணீரும் குறைவாகத்தான் சேர்ப்பார்கள். பல வகை ராமென் நூடுல்ஸில் நூறு பங்கு மாவுக்கு முப்பத்தைந்து நாற்பது பங்கு தண்ணீர் என்றால் இங்கே முப்பதுக்கும் கீழே. இப்படிப்பட்ட நூடுல்ஸ் சட்டென்று வெந்துவிடும், அதே வேகத்தில் சூப்பை உறிஞ்சிக் கொழகொழவென்று ஆகியும்விடும். அதனால் ஒரே தடவையில் நிறையப் போட்டுக் கொடுத்தால் பாதியில் கெட்டுப்போகும். முதலில் கொஞ்சமாகக் கொடு, தீர்ந்ததும் புதிதாக வேகவைத்ததை அதே சூப்பில் போடு என்று முடிவு செய்தார்கள். நம் வீட்டில் குழம்பு மிச்சம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று தட்டை நீட்டுகிறோமே, அதே தேவைதான்.

எதிரில் இருந்த பூட்ஸ்காரர் கயேதாமா கேட்டதைக் கவனித்துப் பார்த்தேன். கிண்ணத்தில் நூடுல்ஸ் நாலு இழை மிச்சம் இருக்கும்போதே, தலையைத் தூக்காமல் ஒரே சொல்லாக 'தாமா' என்றார். அரை நிமிடத்தில் ஒருவர் கம்பிக் கரண்டியில் ஆவி பறக்க நூடுல்ஸைக் கொண்டுவந்து அவர் கிண்ணத்திலேயே கவிழ்த்துவிட்டுப் போனார். புது நூடுல்ஸோடு கொஞ்சம் வெந்நீரும் வருகிறது அல்லவா, சூப் நீர்த்துப் போகும். அவர் கெட்டிலை எடுத்து ஒரு சுற்று ஊற்றினார், கிளறினார், மூன்று நிமிடத்தில் முடித்து, கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனது வரை பத்து நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

விலை ஏன் குறைவு என்று அன்று எனக்கு விளங்கியது. ஒரே பண்டம், அதனால் பொருள் வீணாகாது. டோக்கன் இயந்திரம் இருப்பதால் ஆர்டர் எடுக்க, காசு வாங்க என்று தனி ஆள் வேண்டாம். ஒரு நாற்காலியில் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு பேர் சாப்பிட்டு எழுவார்கள். காலை 6 மணிக்குத் திறந்தால் நள்ளிரவு தாண்டியும் ஓடும், அடுப்பு அணைவதே இல்லை என்று சொல்லலாம். தரத்தைக் குறைத்து விலையைக் குறைத்த கடை அல்ல இது. வேலைக்குப் போகிறவன் தினமும் சாப்பிட முடிய வேண்டும் என்று முதல் நாளே தீர்மானித்து, மற்றதையெல்லாம் அதற்கேற்ப அமைத்துக்கொண்ட கடை. இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஏழு வாரத்தில் பதினோரு தடவை போயிருக்கிறேன்.

பன்றி எலும்பு சூப்பின் சொந்த ஊர் ஃபுகுவோகா நகரமே இல்லை என்பதையும் அந்த நண்பர்தான் சொன்னார். தெற்கே அதே மாகாணத்தில் குருமே என்ற ஊர். 1937இல் அங்கே நன்கின் சென்ரியோ என்ற தள்ளுவண்டிக் கடையில்தான் இது தொடங்கியது. அப்போது சூப் இவ்வளவு வெள்ளையாக இருக்கவில்லை. 1947இல் அதே ஊரில் சான்கியூ என்ற இன்னொரு கடையில் அடுப்பில் வைத்ததை மறந்து அதிக நேரம் கொதிக்கவிட்டதில் சூப் பால் மாதிரி வெளுத்துவிட்டது, குடித்துப் பார்த்தால் அதுதான் நன்றாக இருந்தது என்று கதை. எலும்பைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பும் மஜ்ஜையும் கரைந்து நீரோடு கலந்து வெள்ளையாகும், அதுதான் சங்கதி. உலகமெங்கும் கிளை பரப்பியிருக்கும் இப்புடோ 1985இல் தொடங்கியதும் இதே ஃபுகுவோகாவில்தான், தென்ஜினுக்குப் பக்கத்துப் பகுதியான தைம்யோவில். அதுவும் நல்ல கடைதான், விலை மட்டும் கூடுதல். இன்னும் மலிவாக வேண்டும் என்றால் தென்ஜினிலேயே ஸென் என்று ஒரு கடை இருக்கிறது, நீண்ட காலம் 300 யெனுக்கும் கீழே விற்றவர்கள். மூன்று முறை சாப்பிட்டேன், குறை சொல்ல மாட்டேன், ஆனால் கன்நகாவின் அந்த இறைச்சி உப்பு எனக்கு அங்கே கிடைக்கவில்லை.

யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் பன்றி இறைச்சி தொடாதவர்களுக்கும் இங்கே தேநீரைத் தவிர எதுவும் இல்லை. சூப்பே பன்றி எலும்பு, அதனால் இறைச்சியை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கேட்பதிலும் பயன் இல்லை. உப்பு நம் நாக்குக்கே அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சூப் முழுவதையும் குடிக்க வேண்டாம். குடும்பத்தோடு நிதானமாகப் பேசிக்கொண்டே சாப்பிடவும் ஏற்ற இடம் அல்ல, அதற்கு நகாசு ஆற்றங்கரையில் இரவு விளக்கேற்றி வரிசையாக நிற்கும் தள்ளுவண்டிக் கடைகள் இருக்கின்றன, விலை அங்கே கொஞ்சம் கூடும், ஆனால் காற்றும் பேச்சும் சேர்த்துக் கிடைக்கும்.

போவதாக இருந்தால் மழை பெய்கிற காலையாகப் பார்த்துப் போங்கள். கடைசித் தடவை நான் போனது அப்படி ஒரு நாளில்தான். கண்ணாடிக் கதவெல்லாம் ஆவி படிந்து வெளியே எதுவுமே தெரியவில்லை, நனைந்த குடைகள் வாசலில் குவியலாகக் கிடந்தன, உள்ளே யாரும் பேசவில்லை, உறிஞ்சும் சத்தம் மட்டும். நான் கதவைத் திறந்து 'காத்தா' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்து அவரே 'காத்தா' என்று குரல் கொடுத்துவிட்டார்.

கையில் சில்லறையாக 700 யென் இருக்கட்டும். 2023 விலையில் ராமெனுக்கு 550, கயேதாமாவுக்கு 150, இரண்டு டோக்கனையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். விலை கொஞ்சம் ஏறியிருந்தாலும் சமாளிக்க இன்னொரு நூறு யென் நாணயம் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சமானால் கூடுதல் இறைச்சிக்கு ஆகும்.