ஏலக்காய் விலையும் 100 டாலரும்

கேரளத்து இடுக்கி மலையில், ஏலக்காய் விளையும் வண்டன்மேட்டில் இருந்துகொண்டு தமிழில் பிளாக் எழுதினால் யார் படிப்பார்கள்? போடி, கம்பம் ஆட்கள்தான். பக்கத்துப் புற்றடியில் நடக்கும் ஏலத்தில் ஏலக்காய் என்ன விலை போனது என்பது அவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். பாதிப் பேருக்குத் தோட்டம் இங்கேதான் இருக்கிறது.

பிளாக்கில் விளம்பரம் போட்டு நமக்குக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ், 2018-இல் தமிழைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் இதில் காசு. 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும். 4 மாதத்துக்குள் அதைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எஸ்டேட் லைன் வீட்டுக்குக் கடிதம் ஒழுங்காக வராது என்பதால் டவுனில் மாமா கடை முகவரியைக் கொடுத்தேன். “எந்தா இது, லோட்டரியோ?” என்றார் தபால்காரர். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும், அதனால் லாட்டரிக்குக் கிட்டேகூட வராது.

கூகுள் கணக்கின் பூட்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். மழைக்காலத்தில் டவர் போனால் ஓடிபி வராது. அதனால் ஓடிபிக்குப் பதிலாகப் போட கூகுள் தரும் 10 பேக்கப் எண்களைப் பிரிண்ட் எடுத்து, பத்திரம் இருக்கும் தகரப் பெட்டியில் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும்.

அப்புறம், சொந்த விளம்பரத்தை நாமே அமுக்கினால் கணக்கை மூடிவிடுவார்கள். ‘உதவி’ செய்ய வந்த தம்பி மகனிடமிருந்து போனைப் பிடுங்க வேண்டியதாயிற்று.