மேலே போகாத கண்

ஜூன் 9, முக்கூடல்

அக்கா மகனுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. பத்து மணிக்கெல்லாம் தெளிந்துவிடுகிறான். பித்தம் என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இன்று வேம்பின் உச்சியில் காக்கைக் கூட்டைக் காட்டினேன். தாடையைத் தூக்கி, தலையை முழுக்கப் பின்னால் சாய்த்துப் பார்த்தான். தலையைப் பிடித்துக்கொண்டு விரலை உயர்த்தினேன். கண்மணி பாதியிலேயே நின்று நடுங்கியது. அக்கா பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

ஜூன் 11, பாளையங்கோட்டை

எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. மூளையின் நடுவே, பினியல் சுரப்பி இருக்குமிடத்தில் கட்டி. மூளைநீர் இறங்கும் குறுகிய வழியை அது அடைத்துவிட்டது. தலைவலியும் வாந்தியும் அதனால்தான். கண்ணை மேலே திருப்பும் நரம்புகள் பக்கத்திலேயே இருப்பதால் அவையும் அழுந்துகின்றன. பாரினோ என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த அடையாளமாம்.

அத்தானின் அண்ணனுக்குப் பொறுமை இல்லை. "அறுத்து எறியச் சொல்லுங்கள்" என்கிறார். அறுப்பதற்கு அது என்ன வாழைத்தாரா? அந்த இடத்தில் ஜெர்மினோமா வரலாம், டெரட்டோமா வரலாம், பினியோபிளாஸ்டோமாவும் வரலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஜூன் 14

நீர் தேங்கியிருக்கும்போது முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது ஆபத்து. ஆகவே மண்டையில் சிறு துளையிட்டு, கேமரா பொருத்திய மெல்லிய குழாயான எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளில் மூன்றாவதன் தரையில் ஓட்டை போட்டு நீருக்கு மாற்றுவழி திறந்தார்கள். அதே வழியில் கட்டியிலிருந்து ஒரு துணுக்கையும், சோதனைக்குக் கொஞ்சம் நீரையும் எடுத்தார்கள். மாலையில் இட்லி கேட்டான்.

ஜூன் 24

சிலவகைக் கட்டிகள் சுரக்கும் இரண்டு பொருள்களைத் தேடினார்கள். ரத்தத்திலும் மூளைநீரிலும் ஏஎஃப்பி கூடவில்லை. பீட்டா எச்சிஜி லேசாகத்தான் கூடியிருக்கிறது. திசுவைச் சாயமேற்றிப் பார்த்தும் ஜெர்மினோமாதான். பதின்வயதுப் பையன்களுக்கு அதிகம் வருவது. ஜப்பானில் இங்கைவிடக் கூடுதல். கதிர்வீச்சுக்குக் கரைகிற கட்டி. பரவாத நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள். முதுகுத்தண்டு எம்ஆர்ஐயிலும் பரவல் இல்லை. ரிப்போர்ட்டை அத்தானின் அண்ணனிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். அந்த அற்ப சந்தோஷத்தை நான் ஏன் விட வேண்டும்?

அக்டோபர் 6, திருவனந்தபுரம்

கார்போபிளாட்டின், எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்துகள் முடிந்து, கட்டி சுருங்கிவிட்டது. இனிக் கதிர்வீச்சு. மருந்து முதலில் கொடுத்ததால் கதிரின் அளவையும் பரப்பையும் குறைக்க முடிகிறது. வளரும் மூளைக்கு அது பெரிய லாபம். கதிர் கொடுக்கும்போது தலை அசையாமலிருக்க இன்று முகமூடி செய்தார்கள். வெந்நீரில் இளகிய வலைத்தகட்டை முகத்தின்மேல் இழுத்து அழுத்தினார்கள். சில நிமிடங்களில் மூக்கு, கன்னம், தாடை எல்லாம் அச்சாகிவிட்டது. கழற்றியபோது நெற்றி முழுக்கக் கட்டம் கட்டமாகத் தடம். "மாமா, பணியாரச் சட்டி மாதிரி இருக்கிறதா?" என்று கேட்டான்.

டிசம்பர் 19, முக்கூடல்

எம்ஆர்ஐயில் கட்டி தெரியவில்லை. மேல்பார்வை முக்கால்வாசி வந்திருக்கிறது. மீதி வராமலும் போகலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மார்ச்சில் மறுபடியும் எம்ஆர்ஐ, கூடவே ஹார்மோன் சோதனை. விட்டுப்போன பாடங்களுக்கு டியூஷன் பார்த்திருக்கிறேன். கணக்கு வாத்தியாரைத்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.