ஊசிக்கு முன்னால் சாப்பாட்டைக் கேட்க வேண்டும்

"மூணு வேளையும் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாங்க" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்து இன்சுலின் எழுத முடியாது. "நேத்து எழுந்ததிலேருந்து படுக்குற வரைக்கும் எப்போ எப்போ, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால்தான் உண்மை வரும். அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் கூட்டம் அலைமோதும் நாட்களிலும் இந்த ஒரு கேள்வியை நான் விடுவதில்லை.

நம்மிடம் அதிகம் புழங்குவது 30/70 கலவை இன்சுலின். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதில் 30 சதவீதம் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும் சாதா இன்சுலின். மீதி 70 சதவீதம், மெதுவாக வேலை செய்யும், கலங்கலாக இருக்கும் என்.பி.எச். இன்சுலின். அதன் வேகம் 4 மணி நேரத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போகும். அதாவது காலை ஊசியே மதியச் சாப்பாட்டுக்கும் இலை போட்டுவிடுகிறது. சோறு வராவிட்டால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும்.

சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா வந்தார். ஆறரைக்கு ஊசி, கூடவே ஒரு டீ. வேலையிடத்தில் பத்து மணிக்கு இரண்டு இட்லி. கான்கிரீட் போடும் நாளில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கும் தள்ளிப்போகும். பன்னிரண்டு மணி வாக்கில் வேர்த்துக் கை நடுங்குமாம். "வெயில்னு நெனச்சேன் சார். ரெண்டு டீ குடிச்சா சரியாயிடும்" என்றார். அந்த டீயில் இருந்த சர்க்கரைதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

அவருடைய நோட்டைப் புரட்டினால், வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடியபோதெல்லாம் காலை ஊசியைக் கூட்டியிருந்தார்கள். பல இடங்களில் இப்படி நடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. விடியற்காலைச் சர்க்கரைக்குப் பொறுப்பு முந்தின இரவு ஊசி. காலை ஊசியைக் கூட்டினால் அடுத்த நாள் காலை அளவு அசையாது, அன்றைய நண்பகல்தான் ஆபத்தாகும்.

அவர் வயிறாரச் சாப்பிடுவது வீட்டில், இரவு ஒன்பது மணிச் சோறு. அதனால் காலை ஊசியை நிறுத்தினோம். இரவுச் சோற்றுக்கு அரை மணி முன் சாதா இன்சுலின், படுக்கும்போது என்.பி.எச்., மெட்பார்மின் மாத்திரை வழக்கம்போல. தொடக்கத்தில் சில நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொன்னேன். மகன் எழுந்து பார்த்தான். நண்பகல் நடுக்கம் நின்றது, காலைச் சர்க்கரையும் மெல்ல இறங்கியது. கணையத்தில் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கும் இரண்டாம் வகைக்காரர்களிடம்தான் இப்படிப் பகலை ஊசியில்லாமல் விட்டுவைக்க முடியும். முதல் வகைக்கு இது பொருந்தவே பொருந்தாது.

வயதானவர்களின் கதை வேறு. மருமகள் எட்டு மணிக்கு ஊசியைச் சரியாகப் போட்டுவிடுவார், தாத்தா அரை இட்லியோடு எழுந்துவிடுவார். சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேக இன்சுலின் கிடைத்தால், சாப்பிட்டு முடித்த உடனே, உள்ளே போனதைப் பார்த்து அளவைக் குறைத்துப் போடலாம். விலைதான் இடிக்கிறது.

நோன்பு வைக்கும் பாய்மார்களை ரமலானுக்கு ஒன்றரை மாதம் முன்பே வரச் சொல்கிறேன். கலவை இன்சுலின் போடுபவர் என்றால் காலை அளவு அப்படியே நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போகும். இரவு அளவைப் பாதி வரை குறைத்து, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்குக் கொண்டுவருவோம். விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்பதை ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனாலும் 300ஐத் தாண்டினாலும் அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும். இதை அவரிடம் மட்டும் சொன்னால் போதாது, வீட்டம்மாவையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்கிறேன்.