மாவட்டம் பிரிந்தால் வழக்கும் பிரியுமா?

புது மாவட்டத்துக்குக் கலெக்டர் வந்து உட்கார்ந்ததும் கோர்ட்டும் கூடவே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. வருவாய் மாவட்டம் வேறு, நீதித்துறை மாவட்டம் வேறு. 2019-ல் செங்கல்பட்டு, காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஒன்றாக இருந்த காலத்தில் கலெக்டர் காஞ்சிபுரத்தில், முதன்மை மாவட்ட நீதிமன்றமோ செங்கல்பட்டில். ஆக, பிரிந்த பிறகு முதன்மை மாவட்டக் கோர்ட் இல்லாமல் நின்றது பழைய தலைநகரான காஞ்சிபுரம்தான்!

எந்த ஊர் வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு என்ற எல்லையை மாற்ற அரசின் அறிவிக்கை வேண்டும், அதுவும் இரண்டு சட்டங்களின் கீழ். சிவிலுக்கு 1873-ஆம் ஆண்டு தமிழ்நாடு உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டம். கிரிமினல் வழக்குக்கான செஷன்ஸ் கோட்டத்துக்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 7-ஆம் பிரிவு. உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு மாநில அரசு மாற்றலாம். சிவில் எல்லை தாலுகா, பிர்கா, கிராமம் என்று போகும். கிரிமினல் எல்லை நடைமுறையில் காவல் நிலையத்தை ஒட்டியது. ஒரே ஸ்டேஷனில் இரண்டு தாலுகா கிராமங்கள் இருந்தால், வரப்புத் தகராறு ஓர் ஊர் கோர்ட்டுக்கும், அதே வரப்பில் நடந்த அடிதடி இன்னோர் ஊர் கோர்ட்டுக்கும் போய்ச் சேரும்.

நீதிபதி பணியிடம் இன்னும் மெதுவாக நகரும். மாவட்ட நீதிபதி நிலுவைக் கணக்கோடு கருத்துரு அனுப்ப, உயர் நீதிமன்றம் பரிந்துரைக்க, உள்துறை வழியாக அது நிதித்துறைக்குப் போகும். புதுப் பணியிடமா, இருப்பதை இடம் மாற்றலா, கட்டடம் சொந்தமா வாடகையா என்ற கேள்விகளில்தான் கோப்பு தூங்கும். எத்தனை நீதிபதிகள் தேவை என்பதற்கு 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு, பத்து லட்சம் பேருக்கு 50. தலையை மட்டும் எண்ணினால் போதாது என்று, 2017-ல் இம்தியாஸ் அகமது வழக்கில், வழக்கின் வகைக்கேற்ப யூனிட் (சுமைப் புள்ளி) போட்டுக் கணக்கிடும் முறையை இடைக்காலமாக ஏற்றது. நியாயமானதும் அதுதான். நூறு செக் வழக்கும் நூறு பாகப்பிரிவினை வழக்கும் ஒரே சுமையா என்ன?

அரசாணை வந்தும் நீதிபதி வராமல் போவதுண்டு. பொறுப்பு நீதிபதி பக்கத்து ஊரிலிருந்து வருவார், வாய்தா போடுவார், போவார்.

சிக்கல் அதிகம், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவில்தான். டிக்ரி (தீர்ப்பாணை) கொடுத்தது பழைய கோர்ட், சொத்து இருக்கும் கிராமம் இப்போது புதுக் கோர்ட் எல்லையில். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு விளக்கம் இதற்கு வழி சொல்கிறது: எல்லை மாறியதாலேயே பழைய கோர்ட் அதிகாரம் இழப்பதில்லை, புதுக் கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு. இதைத் தெரியாமல் மனுவைத் திருப்பும் அலுவலகங்கள் உண்டு. பிரிவைக் குறிப்பிட்டே தாக்கல் செய்யுங்கள்.

புது வழக்கு போடுமுன் அறிவிக்கையின் அட்டவணையில் கிராமப் பெயரைத் தேடிப் பாருங்கள். பத்திரத்தில் பழைய தாலுகா பெயர் இருக்கும், அதை நம்பாதீர்கள். எல்லை தவறு என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிப்பதானால் எழுவினா வனையும் (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளைக் கோர்ட் வகுக்கும்) கட்டத்துக்குள்ளேயே சொல்லியாக வேண்டும். ஆட்சேபம் ஏற்கப்பட்டால், சரியான கோர்ட்டில் தாக்கல் செய்யச் சொல்லி பிராது (வழக்கு மனு) திரும்பி வரும். நல்லெண்ணத்தோடு தவறான கோர்ட்டில் செலவான காலத்தை, வழக்குப் போடுவதற்கான கெடுவைக் கணக்கிடும்போது காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி கழித்துக்கொள்ளலாம்.