உப்பைக் குறைங்க

"அதெல்லாம் பழைய கதைம்மா, இப்ப எதுக்கு மனசுல போட்டுக்கிட்டு? உப்பைக் குறைங்க, மாத்திரையை விடாம போடுங்க."

சொன்னது நான்தான். ஏழெட்டு மாசம் ஆகிறது. இன்னும் காதில் கேட்கிறது, அதுவும் என் குரலிலேயே.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது என்பதில் இங்கே வேலை பார்க்கும் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பெருமை உண்டு. வீடு தேடிப் போய் பிரஷர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு 170/110. மாத்திரை அட்டை பாதிகூடக் காலியாகவில்லை. நான் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை, தூக்கமே இல்லை கண்ணு என்றார்.

"தாழ்ப்பாள் சத்தம் கேட்டா நெஞ்சு அடிச்சுக்குது. எங்கப்பன் சந்தைக்குப் போனா குடிச்சிட்டு வந்து கதவை உதைப்பான், அம்மாவை அடிப்பான். நானும் தம்பியும் மாட்டுக் கொட்டாய்ல வைக்கோலுக்குள்ள படுத்துக்குவோம். அவன் செத்தே இருபது வருசம் ஆச்சு. நான் இன்னும் ராத்திரில மூணு தடவை எழுந்து கதவைப் பாத்துட்டு வர்றேன்."

அதற்குத்தான் அந்தப் பதில்.

சரி, வேறென்ன சொல்லியிருக்க முடியும்? இன்னும் பதினோரு வீடு பாக்கி. என் படிவத்தில் உயரம், எடை, சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, அப்பனுக்குக் கட்டம் இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னது தப்பான வைத்தியமும் கிடையாது.

அப்புறம் ஒரு நாள் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். சின்ன வயதில் அடி, வீட்டில் குடிகாரர், அம்மா அடிபடுவதைப் பார்ப்பது என்று வகை வகையாகக் கேட்டிருக்கிறார்கள், எண்ணிக்கை கூடக்கூட, வளர்ந்த பிறகு இதய நோய், நுரையீரல் நோய், மனச்சோர்வு எல்லாம் கூடியிருக்கிறது. பயத்தில் சுரக்க வேண்டிய அட்ரினலினும் கார்டிசோலும் ஒரு குழந்தைக்கு வருசக்கணக்கில் சுரந்துகொண்டே இருந்தால் உடம்பு அதையே வழக்கமாக்கிக்கொள்ளுமாம். வைக்கோலுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்த அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான பேரின் கணக்கை ஒருத்தர் தலையில் வைத்து, உங்க பிரஷருக்கு உங்கப்பன்தான் காரணம் என்று நான் சொல்லிவிட முடியுமா? அதே அப்பனுக்குப் பிறந்த தம்பிக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார். இல்லை, அவரை நான் சோதித்ததே இல்லை, சும்மா சொல்கிறேன்.

14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணையாவது கொடுத்திருக்கலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். கொடுத்திருந்தால், என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டியா கண்ணு என்று கேட்டிருப்பார், அதற்குப் பயந்துதான் கொடுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படியெல்லாம் யோசிக்கவில்லை, அந்த எண் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் நிஜம்.

போன மாசம் போனபோது 144/90. மாத்திரை அட்டை காலி. அப்போ நான் சொன்னது சரிதானா? தூக்கம் வருதாம்மா என்று இந்த முறை நானாகவே கேட்டேன். மருமகள் பக்கத்தில் நின்றாள். அந்த அம்மா அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"களிக்குக்கூட உப்பு போடறதில்ல கண்ணு. ஊறுகாயையும் நிறுத்திட்டேன்."