கட்டைவிரலின் ஊர்

மூன்று வருடமாக என் வலது கைக் கட்டைவிரல் என் பேச்சைக் கேட்பதில்லை. கிட்டாரில் ஆள்காட்டி விரல் பாட்டை மீட்டும்போது, கட்டைவிரல் தன் பாட்டுக்குத் தடித்த கம்பிகளை மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். என்னுடையதோ பாட்டு போகும் பக்கமெல்லாம் பின்னாலேயே ஓடிவிடும். வீணையில் சுண்டுவிரல் தாளக் கம்பிகளைக் கவனித்துக்கொள்ள, மற்ற விரல்கள் ராகத்தில் திளைப்பதைப் பார்த்தவர்களுக்கு என் சங்கடம் புரியும். இந்த வாசிப்புக்கு 'டிராவிஸ் பிக்கிங்' என்று பெயர். அதற்குப் பெயர் தந்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் பிறந்த மண்ணை மிதித்தாலாவது விரலுக்குப் புத்தி வராதா என்ற நப்பாசையில்தான் நாஷ்வில்லில் கார் எடுத்தேன். சின்னக் கார் கேட்டேன். தெருவை அடைக்கும் ஒரு பிக்கப் வண்டியைத் தலையில் கட்டினார்கள். பின் இருக்கையில் என் கிட்டார் அநாதைபோல் கிடந்தது.

கிளம்புமுன் நாஷ்வில்லின் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் அவருடைய கிட்டாரைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். 1948இல் டிராவிஸ் வரைந்து காட்ட, பால் பிக்ஸ்பி செய்து கொடுத்தது. ஆறு முறுக்காணிகளும் தலையின் ஒரே பக்கம். சில ஆண்டுகள் கழித்து ஃபெண்டர் கிட்டார்களும் அதே சாயலில் வந்தன. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

431ஆம் எண் சாலை வடக்கே கென்டக்கிக்குள் போகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மியூலன்பர்க் கவுண்டி. நிலக்கரி பூமி. இங்கே ரோஸ்வுட் என்ற சிற்றூரில் 1917இல் பிறந்தவர் டிராவிஸ். அப்பா புகையிலை பயிரிட்டார், பிறகு சுரங்கத்தில் இறங்கினார். கூலியைப் பணமாகத் தராமல், கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் டோக்கனாகக் கொடுத்த காலம் அது. வாரம் முழுதும் வெட்டினாலும் கடையின் கடன் நோட்டில்தான் போய் முடியும். அப்பா வீட்டில் புலம்பியதை மகன் மறக்கவில்லை. 1946இல் கேபிட்டல் இசைத்தட்டு நிறுவனம் நாட்டுப்பாடல் தொகுப்பு ஒன்று கேட்டபோது, கைவசம் பாட்டு போதாமல், அந்தப் புலம்பலையே 'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்று எழுதினார். அப்போது பெரிதாக விற்கவில்லை. 1955இல் டென்னசி எர்னி ஃபோர்டு பாடியதும் அமெரிக்காவே முணுமுணுத்தது.

டிரேக்ஸ்பரோ ஊரில் நான்கு பேர் நினைவாக ஒரு நீரூற்று இருக்கிறது. டிராவிஸ், மோஸ் ரேகர், ஐக் எவர்லி, கென்னடி ஜோன்ஸ். பாடகச் சகோதரர்களான எவர்லி பிரதர்ஸின் அப்பாதான் இந்த ஐக். ரேகர் சுரங்கத் தொழிலாளி, முடிதிருத்துபவரும்கூட. டிராவிஸ் இந்தப் பெரியவர்களின் கைகளைப் பார்த்துத்தான் கற்றார். கட்டைவிரலில் பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) மாட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஜோன்ஸ் என்கிறார்கள். இவர்களுக்கும் முந்தியவர் ஆர்னால்ட் ஷூல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். ஊர் ஊராக நடனங்களுக்கு வாசித்து 1931இல் மறைந்தார். அவர் வாசிப்பு ஒரு வினாடிகூடப் பதிவாகவில்லை. அந்த நீரூற்றில் ஐந்தாவது பெயராக அவரைத்தான் என் கண் தேடியது. வாசிப்புக்கு டிராவிஸின் பெயர் நிலைத்தது நியாயமா என்று கேட்டால், பாதி நியாயம் என்பேன். அதை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோனது அவர்தான்.

எப்படிப் போனது என்பதுதான் சுவையான கதை. சின்சினாட்டியின் டபிள்யூஎல்டபிள்யூ வானொலியில் அவர் வாசித்ததை, 1930களின் இறுதியில், ஜார்ஜியாவில் ஒரு பையன் தானே ஒட்டுப்போட்ட ரேடியோவில் கேட்டான். ஒரே ஆளிடமிருந்து இவ்வளவு சத்தமா? கட்டைவிரலோடு இன்னும் இரண்டு மூன்று விரல்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டு, அப்படியே பழகிவிட்டான். டிராவிஸோ கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தவிர எதையும் பயன்படுத்தவில்லை! அந்தத் தப்புக்கணக்கு ஒரு புதுப் பாணியாகவே மலர்ந்தது. பையனின் பெயர் செட் அட்கின்ஸ். பின்னாளில் மகளுக்கு மெர்ல் என்று பெயர் வைத்தார். இன்னொரு கிட்டார் கலைஞரான டாக் வாட்சனும் தன் மகனுக்கு அதே பெயரை வைத்தார். 1974இல் டிராவிஸும் அட்கின்ஸும் சேர்ந்து செய்த ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. அட்கின்ஸைக் கேட்டு வளர்ந்த ஆஸ்திரேலியர் டாமி இம்மானுவல் இன்று உலகம் சுற்றுகிறார்.

பக்கத்திலுள்ள எபனேசரில் டிராவிஸின் நினைவுக்கல் நிற்கிறது. 1956இல், அவர் உயிரோடு இருக்கும்போதே எழுப்பியது. 1983இல் ஓக்லஹோமாவில் இறந்த பிறகு அஸ்தியை அங்கேதான் தூவினார்கள். நான் நின்ற அரை மணி நேரமும் ஒரு காக்கை தவிர வேறு யாரும் வரவில்லை.

திரும்பும் வழியில் பெட்ரோல் போடும்போது, பின் இருக்கையை எட்டிப் பார்த்த ஒரு பெரியவர், "வாசிப்பீர்களா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். "ஆறு மாதம் கட்டைவிரலை மட்டும் வாசியுங்கள். மற்றதைச் சட்டைப்பையில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இரவு விடுதி அறையில் அப்படியே செய்தேன். கால் மணி நேரத்தில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். அவர் தட்டியதில் தாளம் கொஞ்சமும் பிசகவில்லை.